முனாஜாத்தும் மழையும்: இறைஞ்சற் பாடல்களின் சமூக உள்ளடக்கம் பற்றிய ஒரு குறிப்பு

இஸ்லாமியத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதுவோர் கிஸ்ஸா, மஸ்அலா, நாமா ஆகியவற்றோடு முனாஜாத்தையும் பெயர் சுட்டிச் செல்வர். ம. மு. உவைஸ் முதலானோரின் முயற்சியால் இவ்வடிவங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கு உரியனவாயின. எனினும், துன்பக் காலத்தில் இறைவனைப் புகழ்ந்து வேண்டும் இப்பாடல்களை முற்போக்கு விமர்சகர்களாகிய நாம் பெரும்பாலும் ஆராயாமலே ஒதுக்கினோம். மார்க்ஸ் மதத்தை அபினுக்கு ஒப்பிட்டமை மட்டுமே எமது நினைவில் நின்றது. 1844இல் வெளிவந்த அதே கட்டுரையில், மக்கள் தமது மெய்யான துயரை வெளியிடுவதும் எதிர்ப்பதும் மதத்தின் வழியாகவும் நிகழ்கின்றன என்று அவர் கொண்டமையை மறந்தோம்.

முனாஜாத்து என்னும் அரபுச் சொல் அந்தரங்கமாக உரையாடுதலைக் குறிக்கும். தமிழில் அது கூடிப் பாடும் வடிவமாகவும் வளர்ந்தது. புகழ்ச்சி, பிழை ஒப்புதல், விண்ணப்பம் என மூன்று கூறுகளை அதிற் காணலாம். நோய் நீங்கவும் மழை பெய்யவும் வேண்டிப் பாடப்பட்டவை பல. எனவே விண்ணப்பப் பகுதி, மக்கள் எதற்கு அஞ்சினர் என்பதற்கான சான்றாகும்.

குளத்தையும் வயலையும் நம்பி வாழும் இறக்காமம் போன்ற அம்பாறை மாவட்ட ஊர்களில் இவ்வச்சம் விளங்குதற்கு அரியதன்று. மாரி பொய்த்தால் வட்டை முழுவதும் தரிசாகும். மழை வேண்டித் தொழுகையில் போடியாரும் அவரது வயலில் உழைக்கும் முல்லைக்காரரும் ஒரே வரிசையில் நிற்பர். அளிப்பவன் ஒருவனே எனப் புகழும்போது, அளிப்பவர்களாகத் தம்மைக் காட்டிக்கொள்ளும் மனிதர் யாவரும் சிறுத்துப் போகின்றனர். புகழ்ச்சியின் சமத்துவக் கூறு இதுவே.

ஆனால், பிழை ஒப்புதல் இதற்கு முரணாக இயங்குகின்றது. வரட்சி எம் அனைவரதும் பாவத்தின் விளைவு எனும்போது குற்றம் சமமாகப் பங்கிடப்படுகின்றது. விளைச்சலோ அவ்வாறு பங்கிடப்படுவதில்லை. வரிசை கலைந்ததும் போடியார் போடியாராகவே வீடு திரும்புகிறார். இம்முரண்பாட்டை மறைத்து இப்பாடல்களைப் போற்றுவதும், இதனையே காரணமாக்கி அவற்றைத் தூற்றுவதும் ஒருபக்கப் பார்வைகளே.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின்னர், இப்பிரதேசத்தில் நீர்ப் பிரச்சினை வானத்தோடு மட்டும் நிற்கவில்லை. மதகை யார், எப்போது திறப்பது என்பதும் பயிரின் விதியாயிற்று. 1981 சிறுபோகத்தில் நீர்த்தேக்கத்தில் நீர் மிகக் குறைவாக இருந்தபோது, இடதுகரை வாய்க்கால்களின் தலைப்பகுதி விவசாயிகள் குழுக்களாக இணைந்து நீரைச் சேமித்துக் கடைப்பகுதியினருக்கு விட்டனர். தலைப்பகுதியினருட் பெரும்பாலோர் சிங்களவர். கடைப்பகுதியினருட் பலர் தமிழ் பேசுவோர். இது பிரார்த்தனையின் விளைவு என்று நாம் கூறவில்லை. முனாஜாத்தில் ஒலிக்கும் 'நாங்கள்' என்ற தன்மைப் பன்மை, வாய்க்காற் கரையில் நடைமுறை வடிவம் பெறக்கூடியது என்பதே எமது கருத்து.

ஆகவே, இறைவன் மீது வைத்த நம்பிக்கையைக் கேலி செய்வது விமர்சகனின் பணியன்று. அந்நம்பிக்கை மக்களை எங்கே ஒன்றுசேர்க்கின்றது, எங்கே கலைந்து போக விடுகின்றது என்பதைப் பிரித்தறிவதே அவனது பணியாகும். முனாஜாத்துகளைத் தேடித் தொகுத்து, அவை பாடப்பட்ட சூழலோடு பதிவு செய்வது அதற்கான முதற்படியாகும்.