கொத்தில் ஒரு சாவி

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலையில் உட்கார்ந்தால், சிக்னல் ஒரு கோடு, சில நேரம் அதுவும் இல்லை. அங்கிருந்துதான் ஒருநாள் தூரத்து சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்ஹெச் என்ற பூட்டிய இணைப்பைப் போட்டேன். தோல்விகள் அதிகம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது. சரியான சாவியோ என் கையில்!

கோளாறு கொத்தில். சாவிகளை நினைவில் வைத்திருக்கும் என் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட்டில் எட்டுச் சாவிகள். கல்யாண வீட்டில் அத்தை இடுப்புக் கொத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் பூட்டில் நுழைத்துப் பார்ப்பதுபோல அது வரிசையாக நீட்டும். ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வரின் இயல்புப் பொறுமை 6 முயற்சி. பிறகு வெளியே.

‘மைனஸ் ஐ’ என்று போட்டுச் சாவிக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். தீரவில்லை. அந்தச் சாவி ஏஜென்ட்டில் ஏறாமல் இருந்தால், ஏஜென்ட்டின் கொத்துக்குத்தான் முதல் வரிசை. ‘ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்’ என்ற வரியும் சேர வேண்டும். கான்ஃபிக் கோப்பில் ஹோஸ்ட் பெயருக்குக் கீழே இரண்டையும் ஒருமுறை எழுதிவிட்டால் அப்புறம் பெயர் மட்டும் அடித்தால் போதும்.

எந்தச் சாவி என்று சொல்வதில், கோப்புகளைப் பூட்டவும் கையெழுத்திடவும் உதவும், 1999-இல் முதல் நிலையான பதிப்பு கண்ட க்னூபிஜி இன்னும் நயமானது. ‘மைனஸ் ஆர்’ என்றால் யாருக்காகப் பூட்டுகிறோம். ‘மைனஸ் யூ’ என்றால் யாராகக் கையெழுத்திடுகிறோம். ஓர் எழுத்தில் வேற்றுமை உருபு! அலுவலகக் கடிதத்தில் வீட்டுச் சாவியால் கையெழுத்திட்டு அசடு வழிந்தபின்தான் எனக்கு அந்த ‘யூ’ மேல் பிரியம் வந்தது.