தரவுப் பாடமும் பொருள் காணும் திறனும்

தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் ‘தரவைக் கையாளுதல்’ என்றொரு பகுதி உண்டு. சிதறிய செய்திகளைத் திரட்டி, அட்டவணையில் அடக்கி, படக்குறிவரைவாகவும் பட்டைக்குறிவரைவாகவும் தீட்டி, அவற்றினின்று பொருள் காண்பதே அதன் நோக்கம். இவ்வரிசை முறையானதே, குறை நேர்வது கடைசிப் படியில்தான்.

மாணவர் விரும்பும் பழம் பற்றிய பயிற்சியைக் கருதுவோம். ஒரு படம் ஐவரைக் குறிக்குமாயின் நான்கு படங்கள் எத்தனை பேர்? இருபது என்கிறான் மாணவன், சரியெனக் குறியிடுகிறோம். ஈண்டு நடந்தது பெருக்கல் மட்டுமே. யாரைக் கேட்டு எண்ணினர், யார் விடுபட்டனர், இந்த ஏற்றத்தாழ்வு எதனால் என்னும் வினாக்கள் எழவில்லை.

அவ்வினாக்களின் பயனுக்குச் சிலாங்கூரிலேயே சான்று உண்டு. 1901இல் கிள்ளானில் பணியேற்ற மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் அமைக்கச் செய்து, இறப்புக் கணக்கை ஆண்டுவாரியாக அடுக்கினார். கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் காய்ச்சலால் இறந்தோர் 1901இல் 368 பேர். 1902இல் 59 பேர். இவ்விரு எண்களையும் பட்டைகளாக வரைய இளஞ்சிறாராலும் இயலும். ஆயின், வீழ்ச்சிக்கு வடிகாலே காரணம் என எவ்வாறு துணிவது? அவ்வாண்டு நோயே எங்கும் தணிந்திருக்கலாம் அன்றோ? வாட்சன் வடிகால் வெட்டப்படாத சுற்றுப்புறத்தின் கணக்கையும் அருகில் வைத்தார். அங்கு அத்தகைய வீழ்ச்சி இல்லை. இரண்டாம் அட்டவணையே முதல் அட்டவணைக்குப் பொருள் தந்தது. பின்னர் அவர் தோட்டப்புறக் குழந்தைகளின் மண்ணீரல் வீக்கத்தையும் கணக்கெடுத்தார். தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர் பிள்ளைகளும் அவ்வெண்களில் அடங்குவர்.

தோட்டத்தில் செக்ரோல் என்னும் பேரேடும் ஓர் அட்டவணையே. பிரட்டில் பெயர் கூப்பிட்டுப் போடப்பட்ட குறிகளே மாதக் கூலியைத் தீர்மானித்தன. அதைப் படிக்கத் தெரியாதவர் கிராணியார் சொன்ன கணக்கை நம்பியே கைந்நீட்டினர். இன்று மின்கட்டணச் சீட்டு, சம்பளச் சீட்டு, செய்தித்தாளின் வரைபடம் என அட்டவணைகள் பெருகிவிட்டன. படிக்கத் தெரியாமையின் இழப்பும் அவ்வாறே பெருகும்.

அசாம் ஜாவா, கோலசிலாங்கூர் வட்டார ஆசிரியர்க்குப் பயிற்சிப் பொருள் தொலைவில் இல்லை. ஒரு திங்கள் மழைநாள்களையும் அந்நாள்களின் வருகையையும் மாணவரே குறித்து வரட்டும். மழையன்று வருகை குறைந்தால், தோட்டத்துப் பிள்ளைகளையும் பட்டணத்துப் பிள்ளைகளையும் பிரித்து எண்ணச் சொல்லலாம். தோட்டத்து வரிசையில் மட்டும் குறைந்தால், மழை அனைவர்க்கும் ஒன்றே. பாதை ஒன்றன்று என்பதை மாணவரே உய்த்துணர்வர்.

ஆசிரியப் பெருமக்கள் ‘விடை என்ன?’ என்று கேட்டபின், ‘வேறு காரணம் இருக்கலாகாதா?’ என்று இன்னொரு வினாவையும் கூட்டுதல் வேண்டும். புதிய நூலோ கருவியோ அதற்குத் தேவையில்லை.