வாவிக்கரைப் பாட்டும் ஒலிநாடாவும்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பது நெடுநாள் வழக்கு. விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த 'யாழ்நூ'லில் அவ்வொலிக்கு இடமளித்தார். லாங் அடிகளார் என்னும் அமெரிக்க யேசுசபைத் துறவி அதனை ஒலிப்பதிவு செய்தார். மீனின் பாட்டைப் பேண முனைந்தோர் இருக்க, அதே கரையில் மனிதர் பாடிய பாட்டை நாம் எவ்வளவு பேணினோம்?

இன்று பல இல்லங்களில் ஓர் இனிய பரிமாற்றம் நிகழ்கின்றது. தந்தை தம் இளமையில் விரும்பிய றொக் குழுக்களின் மேடைப் பதிவுகளை மகனுக்குக் கேட்பிக்கின்றார். மகன் தன் காலத்துக் குழுக்களைத் தந்தைக்கு அறிமுகஞ் செய்கின்றான். இதனை மேனாட்டு மோகம் என்று ஒதுக்குவாரும் நம்மிடை உளர். தம் இளமை நினைவின் இனிமையையே கலைத்தரம் எனக் கொள்வாரும் உளர். இவ்விரண்டும் விமரிசனம் ஆகா.

மேடைப் பதிவின் சிறப்பு யாது? கூடத்தில் பிசகெல்லாம் நீக்கிப் பதிவு செய்த இசைத்தட்டில் பாடகர் மட்டுமே உளர். மேடைப் பதிவில் கேட்போரும் உளர். அவர்தம் ஆரவாரமும் கைதட்டலும் பாட்டின் பகுதியாகவே ஆகிவிடுகின்றன. படுவான்கரைக் கிராமத்து வட்டக்களரியைச் சூழ்ந்து விடியும்வரை கூத்துப் பார்த்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் 'கிரேட்புல் டெட்' குழுவினர் 1984இல், தம் இசையைப் பதிவு செய்ய வரும் ரசிகர்க்கெனத் தனியிடமே ஒதுக்கினர். அப்பதிவுகள் விலைக்கன்றி, கைமாற்றாகவே பரவின. சந்தைப் பண்டமாகிவிட்ட இசையை மக்கள் மீண்டும் தம் பொதுவுடைமையாக்கிக் கொண்டமைக்கு இஃதொரு சான்று.

நம் கரைக்கு வருவோம். போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை எழுப்பினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி போயிற்று, மொழி போகவில்லை. தச்சராகவும் கொல்லராகவும் உழைத்துண்ட பறங்கியர் தம் கிரியோல் மொழியையும், வயலினோடு கூடிய கப்பிரிஞ்ஞா ஆடல்பாடலையும் மணவீடுகளிற் காத்தனர். அப்பெயரிலேயே ஆபிரிக்க மக்களின் சுவடு உண்டு. ஆளவந்தோரின் இசை உழைப்போரின் இசையாக மாறிய வரலாறு இது.

இதனோடு உறவுடைய பைலாவை வொலி பெஸ்தியன் சிங்களத்திற் புகழ்பெறச் செய்தார். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப் இசையை வளர்த்தனர். மனோகரனாற் புகழ்பெற்ற 'சுராங்கனி' 1970களிலேயே தமிழகத் திரைப்படத்துட் புகுந்தது. இப்பாடல்களில் நகைச்சுவை மிகுதி. உழைப்பாளியின் துயரம் குறைவு. இக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், பேச்சுத் தமிழை அவை கூச்சமின்றி மேடையேற்றின. சிங்களவரும் தமிழரும் ஒருங்கே ஆடத்தக்க தாளத்தைத் தந்தன. 'மலினம்' என்னும் ஒரு சொல்லால் அவற்றைத் தள்ளிய நம் விமரிசனம், மக்கள் எதற்காக ஆடினர் என்று கேட்க மறந்தது.

அத்தாளம் கடல் கடந்தது. அதனைக் காத்த மக்களோ சிதறினர். பலர் அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தனர். போர் எஞ்சியோரை அலைக்கழித்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை டச்பார்ப் பறங்கியர் குடியிருப்பை வாரிச் சென்றது. 1998இல் போர்த்துக்கலில் வெளியான 'ஒலிகளின் பயணம்' என்னும் தொகுதியில் இலங்கைப் பைலாவும் கப்பிரிஞ்ஞாவும் இடம்பெற்றன. 2015ஐ அடுத்து லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர் இம்மக்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்தனர். இப்பணிகள் போற்றத்தக்கன. ஆயினும், நம் அயலவரின் பாட்டைப் பேண ஐரோப்பாவிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது என்பதை எண்ணி நாம் நாணவேண்டாவா?

பதிவு மட்டும் போதுமா? போதாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைச் செம்மைப்படுத்தியபோது, 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடிய மாணவர் அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு. அவரே பின்னாளில் பேராசிரியராகித் தம் மாணவரைக் கொண்டு அதனை மீண்டும் அரங்கேற்றினார். விடியவிடிய ஆடிய கூத்து சுருங்கியதால் களரியின் உறவிலே சிறிது இழப்பு நேர்ந்தது மெய்யே. ஆனால் அடவு ஒருவர் காலிலிருந்து மற்றவர் காலுக்கு ஏறியது. ஒலிநாடாவால் இயலாத காரியம் இது.

ஒலிப்பதிவு விதைநெல் போன்றது. பட்டறையிற் பத்திரமாகக் கிடப்பதனால் மட்டும் அது பயிராகாது; வயலில் இறங்கவேண்டும். ஆதலின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் நாம் வேண்டுவது இதுவே: உங்கள் றொக் குழுக்களைக் கேளுங்கள், தடையில்லை. அந்த ஆர்வத்தோடேயே எழுவான்கரைப் பறங்கி முதியவரின் வயலினையும் படுவான்கரை அண்ணாவியாரின் மத்தளத்தையும் பதிவு செய்யுங்கள். பதிந்ததை முதலில் அவர்தம் பேரப்பிள்ளைகளிடமே கொடுங்கள். பின்பு அம்முதியவர் அருகமர்ந்து, கருவியைக் கையிலெடுங்கள்.