கவிழ்த்துப் பாருங்கள், பேசும்!

காரைக்குடி என்றால் சிலருக்கு வெள்ளைப் பணியாரம், சிலருக்கு ஆத்தங்குடிக் கல். எனக்கு முனீஸ்வரன் கோயில் தெரு! பழம்பொருள் கடைகள் நிறைந்த அந்தத் தெருவுக்குள் நுழைந்துவிட்டால் சாப்பாட்டு நினைப்பே வராது. உருளி, தவலை, மரக்கால், ரவிவர்மா படம் என்று கண் அலைபாய்ந்தாலும் கால் போய் நிற்பது மங்குச் சாமான், அதாவது எனாமல் பாத்திரங்கள், அடுக்கிய கடையில்தான்.

அடடா, அந்த நிறங்கள்! கிளிப்பச்சைத் தூக்கு, பால்வெள்ளையில் ரோஜாக்கொத்து போட்ட அடுக்குக் கேரியர், கருநீல விளிம்பு வைத்த தட்டு. இரும்புத் தகட்டை அழுத்தி உருவாக்கி, கண்ணாடித் தூள் குழம்பைப் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸில் சுட்டால் எனாமல். மேலே மின்னுவது பெயின்ட் அல்ல, உருகிப் பிடித்த கண்ணாடியேதான். அதனால்தான் பரணில் தலைமுறைக் கணக்காகத் தூசி தின்ற தூக்குகூட ஒரு ஈரத்துணிக்கே புதுசாகச் சிரிக்கிறது. பித்தளையாக இருந்தால் புளி போட்டுத் தேய்த்துக் கை ஓய்ந்திருக்கும். விளிம்புக்கு அடர்நிறம் கொடுத்ததும் அழகுக்காக மட்டுமில்லை. முதலில் அடிபட்டுப் பெயர்கிற இடம் அது. கறை தெரியாமலிருக்கச் செய்த கெட்டிக்காரத்தனம்!

ஒரு பாத்திரத்தை எடுத்ததும் நான் கவிழ்த்துவிடுவேன். கடைக்காரர்களும் தடுப்பதில்லை. “நல்லாத் திருப்பிப் பாருங்க தம்பி, அடியிலதான் ஊர்பேரு இருக்கும்” என்பார்கள். சுவீடனின் காக்கும்ஸ் முத்திரை தென்பட்டால் எனக்குத் தலைகால் புரியாது. செக்கோஸ்லோவாகியா என்றிருந்தால் இன்னொரு சந்தோஷம்: அந்த நாடு பிறந்ததே 1918இல், ஆகவே பாத்திரம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஒரு நாட்டின் ஆயுளை வைத்து ஒரு தூக்கின் வயதைக் கணிக்கலாம் என்பது எவ்வளவு சுவையான விஷயம்!

இவையெல்லாம் இங்கே வந்து சேர்ந்தது, பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்ற நகரத்தார் குடும்பங்கள் மகளுக்குச் சீராக அடுக்கடுக்காய்ச் சாமான் வைத்த காலத்தில். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கே போட்ட முதல் பலருக்குக் கை நழுவியது. பிறகு வீடுகள் பங்கு பிரிந்தன, சாமான்கள் தெருவுக்கு வந்தன. பித்தளை அண்டாக்களின் கழுத்தில் வெட்டியிருக்கும் விலாச எழுத்துகளைத் தடவும்போது, யார் வீட்டுக் கல்யாணத்துக்குச் சோறு வடித்ததோ என்று மனசு கரைந்துபோகும்.

வாங்குகிறவர்கள் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் தயங்க வேண்டாம், அடியில் துரு ஓட்டை போட்டிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். பழைய பூச்சில், அதிலும் சிவப்பு மஞ்சள் நிறங்களில், ஈயமோ காட்மியமோ இருக்கக்கூடும். எனவே புளிக்குழம்பு, மோரெல்லாம் வேண்டாம். எங்கள் வீட்டுப் பச்சைத் தூக்கில் மல்லிகைப்பூதான் இருக்கிறது. அதன் அழகுக்கு எந்த வெள்ளிக் கிண்ணமும் ஈடில்லை!

உங்கள் பாட்டி வீட்டுப் பரணிலும் ஒன்றிரண்டு நிச்சயம் கிடக்கும். பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஏணி போட்டு ஏறி, இறக்கி, துடைத்து, அடியைக் கவிழ்த்துப் பாருங்கள்.