கை படாத வண்டியும் குடும்பத்தின் பெயரும்

பழைய கார் விற்கும் விளம்பரங்களின் மொழி நமக்கு ஏற்கெனவே பழகிய மொழிதான். "சிங்கிள் ஓனர். லேடி ட்ரிவன். கிலோமீட்டர் கம்மி. ஒரு கீறல் இல்லை. ஃபேமிலி யூஸ் மட்டும்." இதில் கிலோமீட்டரை மட்டும் எடுத்துவிட்டு மணமகள் தேவை பத்தியில் போட்டால் யாரும் திடுக்கிட மாட்டார்கள். ஒரு கை மட்டும் பட்டது, அதிகம் வெளியே போகாதது, அடிபடாதது. பொருளின் மதிப்பைக் கற்பின் சொற்களில் அளக்கும் சந்தை இது.

இதில் "லேடி ட்ரிவன்" மிகவும் சுவாரசியமானது. பெண்ணுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று சிக்னலில் நின்று சிரிக்கும் அதே சமூகம், விற்கும்போது மட்டும் பெண் ஓட்டியதைக் கூடுதல் விலைக்கான காரணமாகச் சொல்கிறது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. அவள் நன்றாக ஓட்டினாள் என்று அந்த விளம்பரம் சொல்லவில்லை. அவள் எங்கும் போகவில்லை என்றுதான் சொல்கிறது.

ஆனால் இயந்திரம் இந்த ஒழுக்கத்துக்குக் கட்டுப்படுவதில்லை. வீட்டிலேயே நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கும், டயர் வெடிப்பு விடும், ரப்பர் குழாய்கள் இறுகும். டீசல் எஸ்யூவியில் இது இன்னும் பெரிய சிக்கல். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதிகள் வந்தபின் விற்ற டீசல் கார்களில், சைலன்சர் பாதையில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை அது தானே எரித்துத் தீர்க்க, புகைபாதை நன்றாகச் சூடாக வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் கால் மணி நேரமாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கூடம், மார்க்கெட், டியூஷன், மாமியாரின் மாத்திரைக் கடை என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக நின்று நின்று ஓடும் வண்டியில் அந்தச் சூடு வரவே வராது. பாதியில் நின்றுபோன எரிப்பில் மிஞ்சும் டீசல் பல என்ஜின்களில் ஆயிலோடு கலந்து, ஆயில் மட்டத்தை ஏற்றிவிடும்.

மஞ்சள் விளக்கு எரிந்ததும் வண்டி ஷெட்டுக்குப் போகிறது. அங்கே கேட்கும் முதல் கேள்வி, "யார் ஓட்டுறாங்க? மேடமா?" இரண்டாவது, "சார் வரலையா?" பழுதின் காரணம் அவளுடைய கால் என்று முடிவாகிவிடுகிறது. உண்மையில் பழுதின் காரணம் அவளுடைய நாள். மலையேறும், ஆற்றைக் கடக்கும் ஆணைக் காட்டி விற்ற இயந்திரம், குடும்பத்தை நடத்தும் பெண்ணின் துண்டு துண்டான பயணங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பயணங்களை யாரும் பயணம் என்றே எண்ணாததால், வாங்கும்போது அவற்றைக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. சேர்த்திருந்தால் பெட்ரோல் வண்டியே போதும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். குறைந்த கிலோமீட்டர் ஓடிய பிஎஸ்6 டீசலைப் பார்த்தால், "எங்கே ஓடியது?" என்று கேட்பதுதான் அறிவு.

அந்த அறிவு ரகசியமானதல்ல. ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடியில் பதினாறு துளைகள் கொண்ட ஒரு சொருகி இருக்கிறது. அதில் மாட்டும் சிறிய கருவி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. வண்டி தனக்குள் எழுதிவைத்த பிழைக் குறிகளைக் கைபேசியில் காட்டும். 'பி2463' என்று வந்தால் வடிகட்டியில் கரி மிகுந்துவிட்டது என்று பொருள். அந்தக் குறி ஓட்டியவரின் பாலினத்தைக் குறிப்பிடுவதில்லை.

வாங்குவதற்கு முன்பு பார்க்க வேண்டியவையும் வாசிப்புதான். நாம் போகும்போது பானெட் சூடாக இருந்தால், குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை நம்மிடமிருந்து மறைக்கிறார்கள். மீட்டர் நாற்பதாயிரம் காட்டி, பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் ரப்பரை நம்ப வேண்டும். டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆயில் மூடியின் அடியில் பால் டீ நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். காரணம் தெரியாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக்கறை தெரியலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. துணியின் சாயத்தையும் மீனின் செவுளையும் பார்த்து ஏமாறாமல் வாங்கும் கண்ணுக்கு இவை கடினமான பாடங்கள் அல்ல. அந்தக் கண்ணை ஷெட்டின் வாசலில் நிறுத்திவிடுவதுதான் வழக்கம்.

வரலாறும் இந்த வாசலில்தான் தொடங்குகிறது. 1888இல் பெர்த்தா பென்ஸ் தன் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு, கணவருக்குச் சொல்லாமல், மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஓட்டிப் போனார். காரின் முதல் நெடும்பயணமே ஒரு தாயும் பிள்ளைகளும் போன குடும்பப் பயணம். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். அந்தத் தொழிலில் திருமணத்துக்கு முன்பே அவருடைய சீதனப் பணம் போடப்பட்டிருந்தது. 1886இல் காப்புரிமை வந்தது கணவரின் நிறுவனத்தின் பெயரில். பணம் ஒருத்தியுடையது, பழுது பார்த்த கை ஒருத்தியுடையது, பெயர் வேறொருவருடையது.

நம் ஊரில் இந்தக் கணக்கு இன்னும் விசித்திரமானது. சீர்வரிசையில் வந்த கார் மாப்பிள்ளை பெயரில் இருக்கும். வரிக்காகவோ ராசிக்காகவோ மனைவி பெயரில் ஆர்சி எடுத்தால், சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். பிறகு அவரே அதை யாருக்காவது கொடுத்துவிடுவார். வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓட்டுவார். சட்டத்துக்கு இந்தக் கதை தெரியாது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு சொல்கிறது. வண்டி பல கை மாறியிருந்தும், விபத்துக்கான இழப்பீட்டுக்குப் பதிவில் இருப்பவரே பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, ஒருநாளும் ஸ்டியரிங்கைத் தொடாதவளின் வாசலுக்கு நோட்டீஸ் வரலாம். அதனால் 29, 30 எண் படிவங்களில் வெற்றுத்தாளில் போடுவதுபோல் கையெழுத்திட்டுக் கொடுக்கக் கூடாது; வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதியபின் போட வேண்டும், பதிவு மாறியதா என்று வாகன் இணையதளத்தில் பார்க்க வேண்டும். கடன் இருந்த வண்டியை வாங்குவதானால் வங்கியின் தடையில்லாச் சான்று கையில் வராமல் முழுப்பணம் கொடுக்கக் கூடாது.

"ஃபேமிலி யூஸ்" என்ற இரண்டு சொற்களுக்குள் ஓட்டுகிற உழைப்பு, பழுதின் பழி, கட்டுகிற தவணை, சட்டத்தின் பொறுப்பு எல்லாம் அடங்கியிருக்கின்றன. இவற்றில் எது யாருடையது என்று பிரித்துக் கேட்பதுதான் அந்த வண்டிக்குச் செய்ய வேண்டிய முதல் பரிசோதனை. பானெட்டைத் திறப்பது அதற்கு அடுத்தது.