டெஸ்ட்கன்டெய்னர்ஸ்: அமைப்புக் கோப்பை மெலிய வைக்கும் நூலகம்

இலங்கையின் பேசாலைக் கரையில் விடியுமுன் இறங்கும் மீனின் எடையைச் சம்மாட்டிகள் தொலைபேசியிலேயே பதிய ஒரு சிறு செயலி. எழுதுவது ஜாவாஸ்கிரிப்டில், பின்னால் நிற்பது போஸ்ட்கிரஸ் தரவுத்தளம். இதன் சோதனைகளை ஓட்டத்தான் டெஸ்ட்கன்டெய்னர்ஸின் நோட் பதிப்பை எடுத்தேன். 2015இல் ஜாவாக்காரர்களிடையே தொடங்கிய நூலகம் இது. இதன் பின்னிருந்த அட்டொமிக்ஜார் நிறுவனத்தை 2023 டிசம்பரில் டொக்கர் வாங்கியது.

சோதனை தொடங்கியதும் டொக்கரில் புதுத் தரவுத்தளம் ஒன்றை எழுப்பித் தருகிறது. வேலை முடிந்தாலும் பாதியில் செத்தாலும் ரியுக் என்ற துணைக் கன்டெய்னர் மிச்சத்தைத் துடைத்துவிடும். எனக்குப் பிடித்தது வேறு. சோதனைக்கான 'டொட் என்வ்' கோப்பில் முகவரி, போர்ட் எண், கடவுச்சொல் என்று எழுதிவைத்த வரிகள் தேவையற்றுப் போகின்றன. காலியான ஒரு போர்ட்டை டொக்கரே பிடித்துக்கொள்ள, முழு இணைப்பு முகவரியையும் கன்டெய்னரிடமே கேட்டு வாங்கலாம். மடிக்கணினியில் ஏற்கெனவே 5432இல் ஓடும் போஸ்ட்கிரஸோடு மோதல் இல்லை.

கோப்பில் எஞ்சும் சில வரிகளை ஏற்ற இப்போது தனிப் பொதி வேண்டாம், நோட் 20.6 முதல் கட்டளை வரியிலேயே கோப்பின் பெயரைக் கொடுக்கலாம். ஆனால் டொட்என்வ் பொதியைப் போலவே, சூழலில் முன்பே இருக்கும் மதிப்பைக் கோப்பு மாற்றாது. டேர்மினலில் யாரோ ஏற்றிவைத்த பழைய முகவரியே வெல்லும், சத்தமில்லாமல். அதனால் வரிசை முக்கியம்: முதலில் கோப்பு, பிறகு கன்டெய்னர், அது தரும் முகவரியைச் சூழலில் எழுதுவது, கடைசியாகத்தான் செயலியின் கோட். மேலே இம்போர்ட் போட்டால் செயலி முந்திக்கொண்டு பழைய முகவரியை வாசித்துவிடும். ஜெஸ்ட் என்ற சோதனை ஓட்டியின் குளோபல் செட்டப்பில் இதைச் செய்தால், அங்கே மாற்றிய சூழல் மாறிகள் சோதனைகளுக்குப் போய்ச் சேரும். குளோபல் மாறிகள் சேராது. இன்னொரு ஓட்டியான வைடெஸ்ட் இதற்கென்றே புரொவைட், இன்ஜெக்ட் என்ற சோடியை வைத்திருக்கிறது. அது இன்னும் சுத்தம்.

மேற்கோள்குறி இன்னொரு பொறி. டொட்என்வ் அதை உரித்துவிடும். 'டொக்கர் ரன்' அதே கோப்பை வாசித்தால் குறியும் கடவுச்சொல்லின் பகுதியாகிவிடும். குறியே போடாமல் எழுதுவது நல்லது.

நோட்டுக்கு ஏற்றியது கன்டெய்னருக்குள் தானாகப் போகாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நேர வலயத்தையே எடுங்கள்: நம் நேரம் யூடிசிக்கு 5.30 மணி முன்னால். அதிகாலை 4 மணிக்கு இறங்கிய நண்டு, யூடிசியில் ஓடும் கன்டெய்னரில் நேற்றைய கணக்கில் விழும். பகலில் ஓட்டும் சோதனை எல்லாம் பச்சையாகவே காட்டும். இரவு 12 முதல் காலை 5.30 வரைதான் குட்டு வெளிப்படும். நேர வலயத்தைக் கன்டெய்னருக்குத் தனியே கொடுத்து, அதிகாலை நேரத்தைச் சோதனைத் தரவிலேயே எழுதிவைக்க வேண்டும். இந்தக் கரைக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை.

குறைகள்? முதல் முறை இமேஜ் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும், மொபைல் டேட்டாவில் அது கனக்கும். சோதனைக் கோப்புக்குள்ளேயே கன்டெய்னரை எழுப்பினால் ஜெஸ்டின் இயல்பான 5 விநாடிக் கெடு போதாது. இமேஜை முதலே இறக்கி, அதன் பதிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள்; 'லேட்டஸ்ட்' என்று விட்டால் எந்த நாள் எது வரும் என்று தெரியாது.

வெறும் கணக்குப் போடும் பங்ஷன்களைச் சோதிக்க இது வேண்டாம். தரவுத்தளத்தைத் தொடும் சோதனை இருந்தால் தயங்காமல் எடுக்கலாம், 8 ஜிபி மடிக்கணினியில் உலாவியை மூடிவிட்டு ஓட்டச் சம்மதமென்றால்.