மேடையில் யார் திக்குகிறார்கள்?

தமிழ் சினிமாவில் சேட்டு வந்தால் சிரிப்பு வரும். ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று பேசுவார், நாம் சிரிப்போம், காட்சி முடிந்துவிடும். அதே மனிதர் வீட்டுக்குள் போய் மனைவியிடம் மார்வாரியில் எப்படிப் பேசுவார்? அங்கே பயங்கரக் கிண்டல்காரராக இருக்கலாம், தத்துவம் பேசுபவராகக்கூட இருக்கலாம். நமக்குக் கிடைத்ததோ அவருடைய உடைந்த தமிழ் மட்டும்தான். ஒருவரை அவருக்குச் சரியாக வராத மொழியில் மட்டுமே சந்தித்திருந்தால், அவரைப் பற்றி நமக்கு உண்மையில் என்ன தெரியும்?

இந்தக் கேள்வியை மேடையில் வைத்துப் பார்த்த இரண்டு சமகால நாடகங்களைத்தான் இங்கே பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, சனாஸ் டூசி எழுதிய ‘இங்கிலீஷ்’. டூசி கலிபோர்னியாவில் வளர்ந்த ஈரானிய அமெரிக்கர். நாடகம் 2022இல் நியூயார்க்கில் அரங்கேறியது. 2023இல் புலிட்சர் பரிசு பெற்று, 2025இல் பிராட்வேக்கும் போனது. கதை நடப்பது 2008இல், தெஹ்ரானுக்குப் பக்கத்திலுள்ள கரஜ் நகரில். ஒரே ஒரு அறை. அதில் டோஃபெல் தேர்வுக்கான ஆங்கில வகுப்பு. நான்கு மாணவர்கள், ஒரு ஆசிரியை. அவ்வளவுதான்.

எல்ஹாமுக்கு ஆஸ்திரேலியாவில் மருத்துவம் படிக்க வேண்டும். ஆனால் டோஃபெலில் பலமுறை தோற்றுவிட்டாள். ரோயா ஒரு பாட்டி. கனடாவிலுள்ள பேத்தியிடம் பேச ஆங்கிலம் கற்றாக வேண்டும் என்று மகன் சொல்லிவிட்டான். ஆசிரியை மர்ஜான் ஒன்பது வருடம் மான்செஸ்டரில் இருந்தவள். வகுப்புக்குள் ஆங்கிலம் மட்டும்தான் என்பது அவள் சட்டம்.

டூசி இதில் செய்திருக்கும் ஏற்பாடு ரொம்ப எளிமையானது. நடிகர்கள் கிட்டத்தட்ட முழு நாடகத்தையும் ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள். பாத்திரங்கள் தங்களுக்குள் பாரசீகம் பேசுவதாகக் கொள்ள வேண்டிய இடங்களில் அது சரளமான அமெரிக்க ஆங்கிலமாக ஒலிக்கிறது. அவர்கள் ஆங்கிலம் பேச முயலும்போது உச்சரிப்பு தடித்து, வாக்கியம் உடைந்து, சொல் தேடித் திக்குகிறார்கள். வாய் ஒன்றுதான், ஆனால் அதில் இரண்டு மனிதர்கள். பாரசீகத்தில் எல்ஹாம் படுகூர்மையானவள், எதிராளியை ஒரு வரியில் கவிழ்த்துவிடுவாள். ஆங்கிலத்துக்கு மாறிய அடுத்த நொடியே கடையில் ஏதோ கேட்டு நிற்கும் சிறுபிள்ளை மாதிரி ஆகிவிடுகிறாள். பார்வையாளர் அந்த உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கலாம். ஆனால் அந்தத் திக்கலுக்குப் பின்னால் யார் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வராது.

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டீக்கடையில் மொத்த டீமையும் கலாய்த்துத் தள்ளுகிற ஆள், கிளையண்ட் காலில் ‘யெஸ், ஷ்யூர், வில் செக்’ என்று மூன்று துண்டுகளாகச் சுருங்கிவிடுவான். வெளிநாட்டிலிருந்து பேசும் மேனேஜர் அந்தத் துண்டுகளை வைத்துத்தான் அவன் திறமையை எடைபோடுகிறார். டூசி அந்த ‘கால்’ஐ இருபக்கமும் கேட்க வைக்கிறார்.

நாடகத்தின் முடிவை இங்கே சொல்லிவிடுகிறேன், சொன்னால் கெட்டுப்போகிற முடிவு இல்லை. கடைசியில் பாத்திரங்கள் நிஜமான பாரசீகத்திலேயே பேசுகிறார்கள், மொழிபெயர்ப்பு கிடையாது. அதுவரை எல்லாம் புரிந்து வசதியாக உட்கார்ந்திருந்த ஆங்கிலப் பார்வையாளர் சட்டென்று வகுப்பின் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறார். குறை என்றால், நன்றாக ஆங்கிலம் பேசும் ஓமித் பற்றிய ரகசியம் எனக்குக் கொஞ்சம் கதைக்காகச் செய்ததுபோல் படுகிறது. இந்த நாடகத்துக்கு ரகசியம் தேவையே இல்லை.

இரண்டாவது, எஸ். சக்திதரன், ஏமன் ஃப்ளாக்குடன் சேர்ந்து உருவாக்கிய ‘கவுன்டிங் அண்ட் கிராக்கிங்’. 2019இல் சிட்னி டவுன் ஹாலில் அரங்கேறியது. 2022இல் எடின்பரோ, 2024இல் நியூயார்க் என்று பயணித்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும் இந்த நாடகம், 1956 முதல் 2004 வரை ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் நான்கு தலைமுறைகளைச் சொல்கிறது. சிட்னியில் ராதாவும் மகன் சித்தார்த்தனும் அம்மம்மாவின் அஸ்தியை ஆற்றில் கரைக்கிறார்கள். பழையது முடிந்தது என்று நினைக்கும்போது கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது.

டூசி மறைத்து வைப்பதை சக்திதரன் வெளியே வைக்கிறார். இங்கே தமிழ் தமிழாகவே ஒலிக்கிறது, சிங்களம் சிங்களமாகவே ஒலிக்கிறது. ஒருவர் பேசப் பேச, பக்கத்தில் நிற்கும் இன்னொரு நடிகர் அதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போகிறார். இதனால் அரங்கில் சிரிப்பு இரண்டு தவணையில் வரும். தமிழ் தெரிந்தவர் முதலில் சிரிப்பார், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் ஒரு நொடி காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நொடிதான் நாடகத்தின் அரசியல் என்று நினைக்கிறேன். கதை தொடங்கும் 1956 என்பது தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டு. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் உங்கள் மொழி அரசாங்க ஆபீஸில் செல்லாது. அந்தக் கதையை ஒரே மொழியில் சொல்லியிருந்தால் அதுவே பொய்யாகியிருக்கும்.

தலைப்பும் சும்மா வைத்ததில்லை. ஜனநாயகத்தில் தலைகளை எண்ணலாம், எண்ணுவது தோற்றால் தலைகளை உடைக்கலாம். நாடகத்தில் வரும் மூத்த அரசியல்வாதிக்குப் பின்னால் நாடகாசிரியரின் கொள்ளுத்தாத்தா சி. சுந்தரலிங்கத்தின் நிழல் இருக்கிறது. அவர் கணிதப் பேராசிரியர், இலங்கையின் வர்த்தக அமைச்சராகவும் இருந்தவர். இதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. கொழும்பின் மேல்தட்டு வீட்டு ஜன்னல் வழியே வரலாற்றைப் பார்க்கும்போது, அந்த வீட்டுக்குள் வரவே முடியாத தமிழர்கள் தூரத்துச் செய்தியாகிவிடுகிறார்கள். சில இடங்களில் வசனம் தலையங்கம் மாதிரியும் ஒலிக்கிறது.

பிரதி கையில் கிடைத்தால் தனியாகப் படிக்காதீர்கள். இரண்டு நண்பர்களைப் பிடித்து உட்காரவைத்து, வாய்விட்டுப் படியுங்கள். முக்கியமாக ‘இங்கிலீஷ்’. மௌனமாகப் படித்தால் அந்த இரண்டு குரல்களும் ஒன்றாகிவிடும்.

இவற்றை அப்படியே தமிழில் மொழிபெயர்த்தால் போதுமா? எனக்கு வேறொரு ஆசை இருக்கிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. பீகாரிலிருந்து வந்த நாலு பையன்கள். முதலாளியிடம் பேசும்போது ‘அண்ணா, சம்பளம் குடு’ என்று உடைந்த தமிழ். இரவு ரூமுக்குத் திரும்பி போஜ்புரியில் பேசுவதாகக் கொள்ளும்போது, மேடையில் அது சரளமான, வசவும் நக்கலும் நிறைந்த தமிழாக ஒலிக்க வேண்டும். எந்த ஊர்த் தமிழ்? மதுரையா, தஞ்சாவூரா? அந்த முடிவிலேயே நாடகாசிரியர் அவர்களை எவ்வளவு நெருக்கமாகப் பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும். முதல் காட்சியில் அவர்களைப் பார்த்துச் சிரித்த நாம், இரண்டாவது காட்சியில் அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பதைக் கேட்போம். அந்த நாடகத்தை யாராவது எழுதினால் முதல் டிக்கெட் எனக்கு.